அயர்லாந்துக் கல்யாணத்துக்கு கில்ட் அணிந்து போவது எப்படி: விருந்தினருக்கான முழு வழிகாட்டி

நான் முதன்முதலாக கில்ட் (இடுப்பில் சுற்றிக் கட்டி, முழங்கால் வரை வரும் மடிப்பு வைத்த கம்பளி உடை) அணிந்தது அயர்லாந்தின் கிளேர் கவுண்டியில் (மாவட்டத்தில்) நடந்த ஒரு நண்பனின் கல்யாணத்துக்கு. ஜீன்ஸ் அளவைச் சொல்லி வாடகைக்கு எடுத்திருந்தேன். அதை இடுப்பெலும்பில் கட்டிக்கொண்டதால் கீழ் விளிம்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. முன்பக்கத்தின் இரண்டு அடுக்குகளையும் சேர்த்து ஊசி குத்தியிருந்ததால் காரில் ஏறும்போது துணி இழுபட்டுக் கொஞ்சம் கிழிந்தும் போனது. சர்ச் வாசலில் நின்றிருந்த ஒரு முதியவர் அதைக் கவனித்தார். ஊர் பைப் பேண்டில், அதாவது பேக்பைப் வாத்தியக் குழுவில், பல வருடம் வாசித்தவராம். என்னை ஓரமாக அழைத்துப்போய் வார்களை அவிழ்த்து, கில்ட்டைத் தொப்புள் வரை ஏற்றிக் கட்டி, ஊசியை எடுத்து வெளி அடுக்கில் மட்டும் குத்திவிட்டுத் தோளில் தட்டி அனுப்பினார்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு விஷயம் மனதில் பதிந்தது. இது எனக்குச் சொந்தமில்லாத உடை. இரவல் வாங்கிய உடையைச் சரியாக அணிவதுதான் அதற்கும், கூப்பிட்ட வீட்டாருக்கும் நாம் செய்யும் மரியாதை. அவர் சொல்லித் தந்ததையும், அப்புறம் நானாகத் தேடித் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் கேளுங்கள்

அயர்லாந்துக் கல்யாணம் என்றால் ஆண்கள் எல்லோரும் கில்ட்டில் வருவார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அங்கே பெரும்பாலான ஆண் விருந்தினர்கள் சாதாரண கோட் சூட்டில்தான் வருகிறார்கள். கில்ட் அணிபவர்கள் யாரென்று பார்த்தால், ஸ்காட்லாந்தில் சொந்தபந்தம் உள்ளவர்கள், பைப் பேண்டில் வாசிப்பவர்கள், கடலுக்கு அந்தப்பக்கம் ஸ்காட்லாந்து தெரிகிற வடக்குக் கடற்கரைக்காரர்கள், அமெரிக்காவிலிருந்து வரும் அயர்லாந்து வம்சாவளியினர் என்று சொல்லலாம். சில மாப்பிள்ளைகளும் விரும்பி அணிவார்கள். ஆக, நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் கில்ட்டில் நிற்க வாய்ப்பு அதிகம்.

அதனால், வருகிறேன் என்று பதில் சொல்லும்போதே மணமக்கள் இருவரிடமும் கேட்டுவிடுங்கள். நண்பன் "தாராளமா போட்டுக்கோ" என்று சொல்லிவிடுவான். அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு அந்த நாள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கனவு இருக்கும். அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: மாப்பிள்ளையும் தோழர்களும் கில்ட் அணிகிறார்களா? அப்படியானால் எந்த டார்ட்டன் (குலத்தையோ ஊரையோ சுட்டும் கட்டம் போட்ட துணி வடிவம்)? சடங்கு எத்தனை மணிக்கு, சர்ச்சிலா ஹோட்டலிலா? அழைப்பிதழில் உடை பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?

பதிலில் சின்னத் தயக்கம் தெரிந்தாலும் சூட் அணிந்து போங்கள். மாப்பிள்ளை கில்ட் அணிகிறார் என்றால் அதே டார்ட்டனை எடுக்காதீர்கள். அது மாப்பிள்ளை வீட்டு ஆட்களின் அடையாளம் ஆகிவிடும். அவர்களாகவே கேட்டுக்கொண்டால் மட்டும் சரி.

சிலரைப் பகலுக்கு அழைக்காமல், சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் ஆட்டம் பாட்டத்துக்கு மட்டும் அழைப்பார்கள். இதற்கு அங்கே 'ஆஃப்டர்ஸ்' என்று பெயர். உங்கள் அழைப்பு எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேல்கோட்டைத் தேர்ந்தெடுக்க இது தேவைப்படும்.

படி 2: இது யாருடைய உடை என்று தெரிந்துகொள்ளுங்கள்

அந்த நாள் முழுக்க உங்களிடம் இதைப் பற்றிப் பேசுவார்கள், அதனால் கொஞ்சமாவது வரலாறு தெரிந்திருப்பது நல்லது.

கில்ட் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு உடை. 16-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் அது ஒரே நீளமான கம்பளித் துணி. இடுப்பில் மடித்துக் கட்டி, மீதியைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். 18-ஆம் நூற்றாண்டில் மேல்பாதி கழன்று, இன்று நாம் பார்க்கும் சின்ன கில்ட் உருவானது. மலைநாட்டார் பலர் சேர்ந்திருந்த 1745-46 கிளர்ச்சி தோற்றதும் பிரிட்டிஷ் அரசு 1746-ல் சட்டம் போட்டு மலைநாட்டு உடையைத் தடை செய்தது. 1782-ல்தான் தடை நீங்கியது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் செய்த ஏற்பாட்டில் ஊரே டார்ட்டன் உடுத்தி வரவேற்றது. ஒரு காலத்தில் தடை செய்த உடை ஸ்காட்லாந்து முழுமைக்கும் அடையாளமாக மாறியதில் அந்த வருகைக்குப் பெரிய பங்கு உண்டு.

பழைய அயர்லாந்துக்காரர்கள் அணிந்தது வேறு. 'லேன்யா' என்ற நீளமான லினன் சட்டையும், அதன்மேல் 'ப்ராட்' என்ற கம்பளிப் போர்வையும்தான் அவர்களுடைய உடை. அந்தச் சட்டைக்குக் குங்குமப்பூ நிறம் பேர்போனது.

அயர்லாந்துக்குள் கில்ட் வந்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். மொழியையும் பண்பாட்டையும் மீட்கப் புறப்பட்டவர்கள், ஆங்கிலேயரின் கால்சட்டைக்கு மாற்றாக ஒரு கேலிக் (அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பழங்குடி மொழியினத்தாரின்) உடையைத் தேடினார்கள். பக்கத்து உறவான ஸ்காட்லாந்தின் கில்ட்டை எடுத்து, தங்கள் பழைய சட்டையின் குங்குமப்பூ நிறத்தை அதற்குக் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் பியர்ஸ், 1908-ல் டப்ளினில் செயின்ட் எண்டா பள்ளியைத் தொடங்கினார். அங்கே மாணவர்கள் கில்ட் அணிந்தார்கள். ஆனால் அது அயர்லாந்தின் பழைய உடைதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அவருக்கே தெரியும். தெரிந்தே அதை விரும்பினார். இன்று அயர்லாந்து ராணுவத்தின் பைப்பர்கள் அணிவது குங்குமப்பூ நிற கில்ட். பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் கார்ட்ஸ் பைப்பர்கள் அணிவதும் அதே நிறம்தான்.

ஆகவே "இது அயர்லாந்தின் ஆயிரம் வருடப் பாரம்பரியம்" என்று மேசையில் சொல்லாதீர்கள், தெரிந்தவர்கள் சங்கடப்படுவார்கள். "ஸ்காட்லாந்திலிருந்து இரவல் வாங்கி, நூறு வருடத்துக்கு மேலாக இங்கேயும் புழங்குகிறது" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

படி 3: துணியைத் தேர்ந்தெடுங்கள்

என் முதல் பரிந்துரை கட்டம் இல்லாத குங்குமப்பூ நிற கில்ட். பெயரைக் கேட்டுப் பளிச்சென்ற காவி என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கடுகு நிறத்துக்கும் பழுப்புக்கும் நடுவில் இருக்கும். எந்தக் குலத்தையும் எந்த ஊரையும் அது சுட்டுவதில்லை. அயர்லாந்தோடு மிக நெருங்கிய கில்ட்டும் அதுதான். வெளியூர்க்காரருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

அடுத்தது கவுண்டி டார்ட்டன்கள். அயர்லாந்தின் 32 கவுண்டிகளுக்கும் டார்ட்டன் உண்டு. இவற்றைப் பழங்காலத்துச் சொத்து என்று நம்பிவிட வேண்டாம். இன்று பரவலாகக் கிடைக்கும் தொகுப்பு 1990-களில் ஹவுஸ் ஆஃப் எட்கர் என்ற ஸ்காட்லாந்து நிறுவனம் வெளியிட்டது. புதியது என்பதால் மதிப்புக் குறைவதில்லை. கல்யாணம் நடக்கும் கவுண்டியின் டார்ட்டனை அணிந்து போனால் உள்ளூர்க்காரர்கள் மனம் குளிர்வதை நானே பார்த்திருக்கிறேன். வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் டார்ட்டனுக்கு மட்டும் நல்ல பழைய கதை ஒன்று இருக்கிறது. 1956-ல் டன்கிவன் ஊருக்கு அருகே நிலத்தைத் தோண்டியபோது 16, 17-ஆம் நூற்றாண்டுக் காலத்து உடைகள் கிடைத்தன. அதில் கட்டம் போட்ட கால்சட்டை ஒன்று இருந்தது. அதன் வடிவத்தை வைத்துத்தான் இந்த டார்ட்டனை நெய்தார்கள். கிடைத்தது கில்ட் இல்லை, கால்சட்டை என்பதைக் கவனியுங்கள்.

தவிர்க்க வேண்டியவை என்று நான் நினைப்பது இரண்டு. ராயல் ஸ்டூவர்ட் என்ற சிவப்பு டார்ட்டன் பிரிட்டிஷ் அரச குடும்பத்தோடு சேர்த்து அறியப்படுவது. பிளாக் வாட்ச் என்ற கரும்பச்சை நீலம் பிரிட்டிஷ் ராணுவப் படைப்பிரிவு ஒன்றின் அடையாளம். இரண்டையும் யார் வேண்டுமானாலும் அணியலாம், தடையில்லை. வாடகைக் கடைகளில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பவையும் இவைதான். ஆனாலும் அயர்லாந்தில் சில குடும்பங்களுக்கு அந்த ராணுவத்தோடு கசப்பான நினைவுகள் உண்டு. எந்த வீட்டில் எந்தத் தாத்தாவுக்கு என்ன நடந்தது என்று விருந்தினருக்குத் தெரியாது. வேறு நிறங்கள் எத்தனையோ இருக்கும்போது இது எதற்கு?

படி 4: அளவெடுத்து, முன்கூட்டியே வாங்குங்கள்

நான் தவறிய இடம் இது. ஜீன்ஸ் அளவு கில்ட்டுக்கு உதவாது.

கில்ட் நிற்பது தொப்புள் மட்டத்தில். அளவு நாடாவைத் தொப்புளைச் சுற்றிப் பிடித்து, வயிற்றை உள்ளிழுக்காமல் எடுப்பது முதல் அளவு. பின்பக்கம் மிக அகலமான இடத்தைச் சுற்றி எடுப்பது இரண்டாவது. தொப்புளிலிருந்து முழங்கால் சில்லின் நடுப்பகுதி வரை எடுப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை நீங்களே குனிந்து எடுத்தால் தப்பாகத்தான் வரும். நேராக நின்று, வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள்.

முழு கில்ட்டுக்கு 8 கெஜம், அதாவது 7 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் துணி போகும். அத்தனையும் பின்பக்க மடிப்புகளுக்குள் அடங்கிவிடும். 5 கெஜத்தில் தைத்த இலகுவான கில்ட்டும் உண்டு. துணியின் எடையை அவுன்ஸில் சொல்வார்கள். 16 அவுன்ஸ் கனமானது, 13 அவுன்ஸ் நடுத்தரம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கல்யாணம் என்றால் 16 அவுன்ஸ் கேளுங்கள். அட்லான்டிக் காற்றில் மெல்லிய கில்ட் பறக்கும். கனமானது அசையாமல் தொங்கும்.

வாடகைக்கு எடுப்பதென்றால் ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள். ஸ்காட்லாந்துக் கடையிலிருந்து தபாலில் வரவழைக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை: 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டனிலிருந்து அயர்லாந்துக் குடியரசுக்கு வரும் பார்சல்கள் சுங்கம் வழியாகத்தான் வருகின்றன. தாமதமாகலாம், வரியும் கேட்கலாம். முடிந்தால் அயர்லாந்துக்குள்ளேயே எடுங்கள்.

பெட்டி வந்த அன்றே திறந்து எல்லாவற்றையும் அணிந்து பாருங்கள். முழந்தாளிட்டுப் பாருங்கள். கீழ் விளிம்பு தரையை லேசாகத் தொட வேண்டும், அல்லது ஒரு அங்குலம் மேலே நிற்க வேண்டும். தரையில் துணி குவிந்தால் கில்ட் நீளம், இல்லையென்றால் நீங்கள் அதைக் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறீர்கள்.

படி 5: மேல்கோட்டு, காலுறை, மற்றவை

வாடகைக் கடையில் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் 'பிரின்ஸ் சார்லி' கோட்டைத்தான் கொடுப்பார்கள். முன்பக்கம் குட்டையாக, வெள்ளிப் பொத்தான்களோடு, போ டையுடன் அணிவது. அழகானது, ஆனால் அது மாலை விருந்துக்கான உடை. அயர்லாந்தில் சர்ச் சடங்கு பெரும்பாலும் மதியம் 1 மணி, 2 மணிக்குத் தொடங்கும். மாப்பிள்ளை சாதாரணத் த்ரீ பீஸ் சூட்டில் நிற்கும்போது விருந்தினர் அவரைவிடப் பகட்டாக வருவது நன்றாக இருக்காது.

பகல் அழைப்புக்கு 'ஆர்கைல்' என்ற எளிமையான கோட்டோ, ட்வீட் என்ற தடித்த கம்பளிக் கோட்டோ கேளுங்கள். உள்ளே வெய்ஸ்ட்கோட், ஒரே நிறத்தில் சாதாரண டை. டையில் கட்டம் வேண்டாம், கில்ட்டில் இருக்கும் கட்டம் போதும். பிரின்ஸ் சார்லியை ஆஃப்டர்ஸுக்கும், அழைப்பிதழிலேயே பிளாக் டை (முறையான மாலை விருந்து உடை) என்று போட்டிருக்கும் கல்யாணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 'பிரையன் போரு' என்று அயர்லாந்துக்கே உரிய ஒரு கோட்டும் உண்டு. 1014-ல் குளொன்டார்ஃப் போரில் இறந்த அயர்லாந்து உயர் மன்னரின் பெயர் அது. கிடைத்தால் குங்குமப்பூ கில்ட்டோடு மிக நன்றாக இருக்கும்.

காலுறை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும் கம்பளி. வாடகைப் பெட்டியில் வரும் பால்வெள்ளை நிறத்தைவிடக் கரும்பச்சையோ சாம்பலோ கண்ணுக்கு இதம். ஸ்போரன் என்பது இடுப்புக்குக் கீழே முன்னால் தொங்கும் பை. கில்ட்டில் பாக்கெட் கிடையாது என்பதால் போன், சாவி, மணமக்களுக்கான வாழ்த்து அட்டை எல்லாம் இதற்குள்தான். அயர்லாந்தில் பணத்தை வாழ்த்து அட்டைக்குள் வைத்துக் கொடுப்பதே வழக்கம். பெரிய அட்டை ஸ்போரனில் நுழையாது, கோட்டின் உள்பாக்கெட்டுக்கு ஏற்றதாக வாங்குங்கள். பகலுக்குத் தோல் ஸ்போரன் போதும், ரோமம் வைத்தது இரவுக்கு.

தொப்பி வேண்டாம். தோளில் ஊசி குத்தித் தொங்கவிடும் நீளத் துணியும் வேண்டாம். அது மாப்பிள்ளைக்கு உரியது.

படி 6: அணியும் வரிசை

வரிசை முக்கியம். கில்ட்டை முதலில் கட்டிக்கொண்டு அப்புறம் ஷூ மாட்டக் குனிந்தால் மடிப்புகள் கசங்கும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் சட்டை. அடுத்து காலுறை. மேலே இழுத்து, முழங்கால் சில்லுக்குக் கீழே மூன்று நான்கு விரற்கடை இடம்விட்டு மடித்துவிடுங்கள். மடிப்புக்குள் எலாஸ்டிக் பட்டை போகும். அதிலிருந்து தொங்கும் சின்ன ரிப்பன் துண்டுகள்தான் ஃபிளாஷஸ். அவை காலின் வெளிப்பக்கம் தெரிய வேண்டும். இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.

பிறகு ஷூ. கில்லி புரோக் எனப்படும் இந்த ஷூவுக்கு நடுவில் நாக்கு இருக்காது, கயிறு மிக நீளம். கயிற்றை இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டு நுனிகளையும் மூன்று தடவை ஒன்றோடொன்று முறுக்குங்கள். அந்த முறுக்கு கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும். நுனிகளைப் பின்னால் சுற்றி முன்னுக்குக் கொண்டுவந்து முடி போடுங்கள். கெண்டைக்கால் வரை ஏற்றிச் சுற்றாதீர்கள். இறுக்கிவிடவும் வேண்டாம், நடனத்துக்கு நடுவில் கால் மரத்துப்போகும்.

இப்போது கில்ட். சேலையின் கொசுவம் முன்னால் வரும். கில்ட்டின் மடிப்புகள் பின்னால் வர வேண்டும். முன்பக்கம் மடிப்பில்லாத இரண்டு தட்டையான ஏப்ரன்கள், ஒன்றன்மேல் ஒன்று. மடிப்புப் பகுதியை முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டு, வலது பக்கம் இருக்கும் உள் ஏப்ரனை முதலில் வயிற்றின் குறுக்கே இடப்பக்கம் கொண்டுபோங்கள். அதன் வார், இடது இடுப்பில் உள்ள சின்னப் பிளவு வழியாக வெளியே வந்து அங்குள்ள பக்கிளில் மாட்டும். இதுதான் கில்ட்டைத் தாங்குகிற வார், நன்றாக இறுக்குங்கள். அடுத்து வெளி ஏப்ரனை இடமிருந்து வலமாகக் கொண்டுவந்து வலது இடுப்பில் மாட்டுங்கள். வலப்பக்கம் கீழே இன்னொரு வார் இருந்தால் அதைத் தளர்வாகவே விடுங்கள். அதை இறுக்கினால் மடிப்புகள் விரிந்துவிடும். ஆண்கள் அணியும்போது குஞ்சம் வைத்த திறந்த ஓரம் எப்போதும் வலப்பக்கம்தான் இருக்கும்.

கண்ணாடி முன் நின்று வெளி ஏப்ரனின் நடுக்கோடு தொப்புளுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கீழ் விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டத்தில், முழங்கால் சில்லின் நடுப்பகுதிக்கும் அதன் மேல் விளிம்புக்கும் இடையில் நிற்க வேண்டும். பின்னால் தாழ்ந்திருந்தால் மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

ஊசி வெளி ஏப்ரனின் வலது கீழ் மூலையில், ஓரத்திலிருந்து 2 அங்குலம், கீழிருந்து 4 அங்குலம் தள்ளி. வெளி அடுக்கில் மட்டும்! இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போதோ காரில் ஏறும்போதோ துணி கிழியும். அழகுக்காகவும் ஓரத்துக்குக் கொஞ்சம் கனம் கொடுப்பதற்காகவும்தான் அந்த ஊசி, ஏப்ரனைப் பூட்டி வைப்பதற்காக இல்லை.

ஸ்போரன் சங்கிலியைப் பின்பக்க வளையங்களில் கோத்து, வெய்ஸ்ட்கோட்டின் அடி விளிம்புக்குக் கீழே நான்கு விரற்கடை இடம்விட்டுத் தொங்கவிடுங்கள். கடைசியாக வெய்ஸ்ட்கோட், கோட்டு. வெய்ஸ்ட்கோட் அணிந்தால் பெல்ட் தேவையில்லை.

உள்ளாடை அணிவதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். அணியுங்கள். வாடகை கில்ட்டை உங்களுக்கு முன்பு வேறொருவர் அணிந்திருப்பார், உங்களுக்குப் பின் இன்னொருவர் அணிவார். குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும் இடம், இரவில் நடனமும் உண்டு. கறுப்பு நிறத்தில், தொடையோடு ஒட்டிய ஷார்ட்ஸ் போதும்.

கத்தி விஷயம்

ஸ்காட்லாந்தில் வலது காலுறைக்குள் 'ஸ்கியன் டூ' என்ற சின்னக் கத்தியைச் செருகிக்கொள்வார்கள். தேசிய உடையின் பகுதியாக அணிவதற்கு அங்கே சட்டத்தில் விலக்கு உண்டு. அயர்லாந்து வேறு நாடு, வேறு சட்டம். பொது இடத்தில் தகுந்த காரணமில்லாமல் கத்தி வைத்திருப்பதை அங்கே 1990-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. இதற்காகக் காவலரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். கத்தியில்லாமல் கைப்பிடி மட்டும் உள்ள பிளாஸ்டிக் பொம்மை பல வாடகைப் பெட்டிகளில் வரும், அதைச் செருகுங்கள். எதுவுமே செருகாவிட்டாலும் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

படி 7: அந்த நாளில்

முந்தின இரவே பிராக் குழந்தை இயேசுவின் சிலையைத் தோட்டத்தில் வைத்து, மழை வராமல் இருக்க வேண்டிக்கொள்ளும் வீடுகள் அயர்லாந்தில் உண்டு. நீங்கள் ஒரு குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். லேசான தூறலைக் கம்பளி தாங்கும்.

உட்காருவதை வீட்டிலேயே பழகுங்கள். உட்காரும் முன் இரண்டு கையாலும் பின்பக்க மடிப்புகளைத் தடவி, விரித்துவிடாமல் அடியில் தள்ளிக்கொண்டே உட்கார வேண்டும். முழங்கால்கள் அகலாமல் இருக்கட்டும். ஸ்போரன் நடுவில் விழுந்து முன்பக்கத் துணியை அமுக்கிக்கொள்ளும். காரில் ஏறும்போது முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே எடுங்கள்.

கத்தோலிக்கத் திருப்பலி என்றால் நடுவில் எல்லோரும் முழந்தாளிடுவார்கள். முன்னால் தாழ்ந்து வளையாமல் நிமிர்ந்து முழந்தாளிட்டால் கில்ட் தன்னால் ஒழுங்காக விழும். நீங்கள் கத்தோலிக்கர் இல்லையென்றால், நன்மை (புனித அப்பம்) வாங்கும் வரிசைக்குப் போகாமல் இருக்கையிலேயே அமைதியாக இருக்கலாம்.

சடங்கு முடிந்ததும் ஹோட்டலுக்குப் போவார்கள். மணமக்கள் போட்டோ எடுத்துக்கொண்டு வரும்வரை தேநீர், ஸ்கோன், குடிவகைகள் என்று நீளமான ஒரு காத்திருப்பு. பேச்சுக் கொடுக்க ஆட்கள் வருவது இந்த நேரத்தில்தான். "ஸ்காட்லாந்தா?" என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். எந்த டார்ட்டன், ஏன் எடுத்தீர்கள் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு, அவருக்கு மாப்பிள்ளையைத் தெரியுமா, பெண்ணைத் தெரியுமா என்று கேளுங்கள். பேச்சு உடையிலிருந்து மணமக்களிடம் போய்விடும். எனக்குப் பிடித்த விருந்தினர்கள் இதை இயல்பாகச் செய்பவர்கள். உள்ளே என்ன அணிந்திருக்கிறீர்கள் என்ற கேள்வியும் வரும். புன்னகைத்துவிட்டு நகரலாம். யாராவது கையால் தூக்கிப் பார்க்க வந்தால் மட்டும் கண்டிப்பாகத் தடுத்து, வேண்டாம் என்று சொல்லுங்கள். எத்தனை குடித்திருந்தாலும் அது தப்புதான்.

குடும்ப போட்டோவில் கூப்பிட்டால் மட்டும் நில்லுங்கள், அதுவும் ஓரத்தில். வண்ணமான கில்ட் நடுவில் நின்றால் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும்.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஸ்போரனை இடது இடுப்புக்குத் தள்ளிவிடுங்கள், மடியில் நாப்கின் விரிக்க வசதி. கிரேவி சிந்தினால் தேய்க்காமல், குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள்.

நடனத்துக்கும் ஸ்போரன் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் துள்ளும்போது அடிக்கும். வால்ஸ் ஆஃப் லிமெரிக், சீஜ் ஆஃப் என்னிஸ் போன்ற கெய்லி நடனங்கள் (அயர்லாந்தின் கூட்டு நாட்டுப்புற ஆட்டங்கள்) வந்தால் தயங்காமல் சேர்ந்துகொள்ளுங்கள். கில்ட்டில் சுழல்வது உண்மையிலேயே இனிமையான அனுபவம். ஆனால் வேகமாகச் சுழன்றால் மடிப்புகள் குடைபோல் விரியும், வேகத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் ஏதோ ஒரு நேரம் பழைய டிஸ்கோ பாட்டு ஒன்று ஒலிக்கும். உடனே எல்லோரும் தரையில் ஒருவர் பின் ஒருவராகக் கால்களை விரித்து உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். அயர்லாந்துக் கல்யாணங்களில் இது மிகப் பிரபலம். கில்ட் அணிந்தவர் அந்த நேரம் வரிசைக்குப் பக்கத்தில் நின்று கை தட்டலாம்.

படி 8: மறுநாள்

அறைக்கு வந்ததும் கில்ட்டைத் தரையில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். ஊசியை எடுத்துவிட்டு, மடிப்புகளை விரலால் நேராக்கி, மேல் பட்டையில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். நனைந்திருந்தால் ஹீட்டர் பக்கம் வைக்காமல் காற்றில் உலரட்டும்.

ஊருக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தால் நான்காக மடிக்க வேண்டாம். மடிப்புகள் அடுக்காக இருக்கும்படி பாய் சுருட்டுவதுபோல் பக்கவாட்டில் சுருட்டுங்கள். பழைய நைலான் ஸ்டாக்கிங் ஒன்றின் கால் பகுதியை வெட்டி அதற்குள் நுழைத்துவிட்டால் சுருள் அவிழாது. பைப் பேண்டுக்காரர்கள் பயன்படுத்தும் வழி இது. பெட்டியிலிருந்து எடுத்ததும் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஆவியில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் சுருக்கம் போய்விடும்.

அயர்லாந்தில் கல்யாணம் பெரும்பாலும் ஒரு நாளோடு முடிவதில்லை. 'டே டூ' என்று மறுநாள் ஒரு பப்பிலோ வீட்டுத் தோட்டத்திலோ கூடுவார்கள். அதற்கு ஜீன்ஸ், சட்டையில் போங்கள். போகும்முன் வாடகைப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள்: கில்ட், கோட்டு, வெய்ஸ்ட்கோட், டை, காலுறை இரண்டு, ஷூ, ஸ்போரனும் சங்கிலியும், ஊசி, ஃபிளாஷஸ் நான்கு துண்டு. பெரும்பாலும் காணாமல் போவது ஃபிளாஷஸ்தான். காலுறையைக் கழற்றும்போது அதற்குள்ளேயே சுருண்டுகொள்ளும், உதறிப் பாருங்கள்.